மணற்கல் சுவரில் நான் படித்தது

கல்லூரியில் நான் வரலாறு படித்தவள். பல்லவர்களைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் கல்யாணமாகி ஒரகடத்துக்கு வந்து நாலு வருடமாகியும் பக்கத்திலிருந்த காஞ்சிபுரத்தைப் பார்க்கவில்லை. உதிரிபாகக் கம்பெனியில் எனக்குக் காலை ஷிப்ட். வேறொரு கம்பெனியில் என் கணவருக்குப் பெரும்பாலும் இரவு ஷிப்ட். இருவருக்கும் ஒரே நாளில் லீவு வருவது அபூர்வம்.

அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை முடிந்து வந்தவர் தூங்காமல் குளித்துவிட்டு, "வா, உன் காஞ்சிபுரத்தப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

வாலாஜாபாத் வழியாக பஸ்ஸில் போனோம். ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த பழைய மணற்கல் கோயிலுக்குத்தான் முதலில் கூட்டிப்போனேன். சிவந்த கண்களோடு ஒவ்வொரு சிங்கத் தூணையும் நின்று நின்று பார்த்தார். சுற்றுச் சுவரில் வரிசையாக எழுத்துகள். போனில் படம் எடுத்துக்கொண்டே கேட்டார்:

"இன்னா எழுதிக்கீது இதுல?"

கிரந்த எழுத்து. எனக்கு ஓரெழுத்தும் தெரியாது. 'எம்பொண்டாட்டி படிச்சவ' என்று கேன்டீனில் பெருமையாகச் சொல்கிறவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"கோயில் கட்டுன ராஜா எழுதி வெச்சதுங்க. கல்லு செதுக்குன ஆளுங்களுக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் நெலம் குடுத்தாராம்."

அவர் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்பெனிக்காக நிலம் போன குடும்பம் அவருடையது. அதே கம்பெனியில்தான் இன்றைக்கும் அவர் கான்ட்ராக்ட் தொழிலாளி.

"பரவால்ல. வேல செஞ்சவன ஒருத்தனாவது நெனச்சிக்கீறான்" என்றார். திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் நினைத்தேன். சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து, வேலையிலிருந்து வந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் படத்த கேன்டீன்ல காட்டுனேன். நீ சொன்னதயும் சொன்னேன். எங்க லைன்ல ஒருத்தன் லீவு நாள்ல கல்வெட்டு படிக்கக் கத்துக்கிறான். அது பூரா ராஜாவோட பட்டப்பேருதானாம். நெலமும் இல்ல, ஒண்ணும் இல்லயாம். எல்லாரும் சிரிச்சாங்க."

நான் டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமே. நான் இன்னா கேக்கப் போறேன்?"

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. போய் ஏறிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை எங்களுக்கு ஒரே நாளில் லீவு வந்தது. காஞ்சிபுரத்தில் பார்க்காத கோயில்கள் நிறைய இருந்தன. "போலாமாங்க?" என்று கேட்டேன்.

"நீ போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தனியாகப் போக எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாளும் துணி துவைத்தேன். இப்போதும் அவர் கோபமாகப் பேசுவதில்லை. என்னிடம் எதையும் கேட்பதுமில்லை.