உப்பு ஏரியில் ஒரு மிதி

அவுஸ்திரேலியாவின் உள்நாட்டில், ஆளரவமில்லாத ஓர் உப்பு ஏரியின் மேல் நடக்கிறேன். ரொறன்ரோவில் இருந்து வந்த எனக்கு இந்த வெள்ளைப் பரப்பு, விண்டரில் உறைந்துபோகும் எங்கள் ஏரி மாதிரியே இருக்கிறது. மகள் படம் எடுக்கத் தூரமாய்ப் போய்விட்டாள். ஐஸின் தடிப்பைப் பார்க்கிற பழக்கத்தில் குதிக்காலால் ஓங்கி மிதிக்கிறேன். உப்பு உடைந்து, மிதித்த கால் முழங்கால்வரை கறுத்த சேற்றுக்குள் இறங்குகிறது. இழுக்க இழுக்க மற்றக் காலும் போகிறது.

கரையில் நாயோடு வந்த உள்ளூர்ப் பெண் ஆங்கிலத்தில் கத்துகிறாள்.

“துள்ளாதேங்கோ. படுத்து ஊர்ந்து வாங்கோ.”

“எவ்வளவு ஆழம்?”

“போன மழைக்கு இந்தச் சேத்துக்குள்ளை ஒரு மாடு தாண்டு போச்சுது. கொம்புகூடத் தெரியேல்லை.”

குப்புறப் படுக்கிறேன்.

நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து, மகள் என்னைத் தூக்க உப்பின் மேல் ஓடி வருகிறாள்.