ஒரே துணியில் எட்டுப் பிள்ளைகள்

தையல்காரியிடம் துணியை மட்டும் கொடுத்துவிட்டு யாரும் போவதில்லை; பக்கத்து வீட்டுக் கதையையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். வீட்டில் மெஷின் போட்டிருக்கிற உங்களுக்குத் தெரியாததா?

மிச்சத் துணி

பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு மாடிக்குப் புன்னக்காயலிலிருந்து ஜெபமாலை அக்கா குடிவந்தார். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வாடகை வீடு. பிள்ளைகள் ஆறு. கிறிஸ்மஸுக்கு ஒரே பூப்போட்ட துணியை மொத்தமாக எடுத்துவந்து ஆறு பேருக்கும் என்னிடம் தைக்கக் கொடுத்தார். மிச்சத்தை நான் நீட்டியபோது வாங்கவில்லை. "ஒம் பிள்ளைய ரெண்டுக்கும் தச்சுப் போடுட்டி. அதுகளும் நம்ம வீட்டுப் பிள்ளையதான!"

மூன்று சொல்

ஜாக்கெட் வாங்க வந்த டீச்சர் மாடியை அண்ணாந்து பார்த்து, "நண்டும் சிண்டுமா என்ன அழகு!" என்றார். அது செல்லம். அடுத்து வந்த மதினி 'பட்டாளம்' என்றார். அதில் பாதி கேலி, பாதி சிரிப்பு. மூன்றாவதாக வந்தவள், "வதவதன்னு பெத்துப் போட்டிருக்கா" என்றாள். கொக்கி வாங்க வந்த ஜெபமாலை அக்கா என் பின்னால்தான் நின்றார். எனக்கு ஊசி ஓடவில்லை. அவள் போனபிறகு அக்காவே பேசினார்: "நண்டுன்னா எனக்குக் கோவமே வராதுட்டி, அது எங்க ஊருச் சரக்கு. இந்தச் சொல்லுதான் முள்ளு மாதிரி தொண்டையில நிக்கி."

வீட்டுக்கார அண்ணாச்சி

மாடி வீட்டின் சொந்தக்காரர் அடுத்த தெரு. என்றைக்காவதுதான் இந்தப் பக்கம் வருவார். பொங்கல் கழிந்து சட்டைக்குப் பட்டன் வைக்க வந்தவர் கொதித்துக்கொண்டிருந்தார். "ஆறுன்னு சொல்லிக் குடிவந்தா. இப்ப வாசல்ல எண்ணுதேன், எட்டு! எல்லாம் ஒரே பூச்சட்டை. நாளைக்குப் பத்தாவும். காலி பண்ணச் சொல்லிட்டேன்."

மாடியில் பாத்திரம் கட்டுகிற சத்தம் கேட்டது. முழுப்பரீட்சை நெருங்குகிற நேரத்தில் ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவார்? தெருவில் விளையாடிய என் இரண்டையும் இழுத்துவந்து அவர்முன் நிறுத்தினேன். அதே பூச்சட்டை. "அண்ணாச்சி, இது ரெண்டும் நான் பெத்தது. மிச்சத் துணியில தச்சேன்."

அவர் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படிக்கட்டருகே போய், "ஏம்மா, சாமானக் கட்டாண்டாம், இருங்க" என்று மேலே பார்த்துக் கத்தினார். திரும்பி வந்து பட்டன் வைத்த சட்டையை வாங்கிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "ஒனக்கு ரெண்டே ரெண்டுதானா? பாவம், வீடு வெறிச்சுன்னுல்லா கெடக்கும்!"

ஆறு பெற்றாலும் இரண்டு பெற்றாலும், ஊர் எடுக்கிற அளவில் நமக்குச் சட்டை சரியாக அமைந்ததே இல்லை.