பிக்கப் இல்லாத வண்டி

என் அக்கா புருஷனுக்கு ஆபீஸில் வைத்த பெயர் ‘இதோ’. யார் எதைக் கேட்டாலும் கேட்டு முடிக்கும் முன்பே “இதோ” என்று எழுந்துவிடுவார். சாப்பிடும்போது “உப்பு” என்று ஆரம்பித்தால் போதும், உப்பு வந்துவிடும். உப்பு ஜாஸ்தி என்றுதான் சொல்ல வந்தேன் என்று நாம் விளக்குவதற்குள் தட்டில் இன்னொரு சிட்டிகை விழுந்திருக்கும். நல்ல மனுஷன். ஆனால் அவரோடு ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

அத்தான் எங்கள் சுகாதார நிலையத்தின் டிரைவர். நான் அங்கே நர்ஸ். மலைமேல் இருக்கிற குடியிருப்புகளுக்கு வாரத்தில் பாதி நாள் தடுப்பூசிப் பெட்டியும் எடை பார்க்கிற மெஷினுமாக நாங்கள் இருவரும் போய் வருவோம். முன்பு ஒரு சின்ன பெட்ரோல் வேன் இருந்தது. அதற்கும் அவருக்கும் அப்படி ஒரு பொருத்தம். கால் பட்டதும் பாயும், எடுத்ததும் அடங்கும். அது ஓடி ஓடித் தேய்ந்து ஓரங்கட்டப்பட்டபின், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பழைய டீசல் ஜீப்பைத் தள்ளிவிட்டார்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. மலைக்கு இதுதான் சரி என்றார்கள். சொன்னவர்கள் யாரும் அதில் ஏறிப் பார்த்ததில்லை.

முதல் நாள் ஏற்றத்தில் அத்தான் ஆக்சிலரேட்டரை மிதித்தார். வண்டி ஒன்றுமே சொல்லவில்லை. இன்னும் மிதித்தார். அப்போதும் இல்லை. கோபம் வந்து ஒரே அழுத்தாக அழுத்தினார். முதலில் மிதித்தது, பிறகு மிதித்தது, கடைசியில் மிதித்தது எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் வந்தது. என் தலை மேலே இடித்து, மடியிலிருந்த பெட்டி காலில் விழுந்தது. அப்போது என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது.

“பிக்கப்பே இல்ல” என்று மறுநாளே வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார். அவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார். அத்தான் திரும்பவும் கொண்டுபோனார். திரும்பவும் ஒன்றுமில்லை. அடுத்த முறை மெக்கானிக் கையைக்கூடத் துடைக்காமல் வெளியே வந்தார்.

“இந்த வண்டி இப்படித்தாங்க வரும். மிதிச்சதயே திரும்பத் திரும்ப மிதிச்சா அது என்ன பண்ணும்?”

அத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு அந்த நாட்களில் எதையும் பொறுத்துக்கொள்ளத் தெம்பில்லை. அதற்குக் காரணம் வண்டி இல்லை, என் அக்கா.

போன வருடம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. கை, கால் ஓரளவு திரும்பின. பேச்சுதான் தடுமாறியது. ஒரு சொல்லை ஆரம்பிப்பாள், பாதியில் நிற்கும், வாய் ஒரு பக்கம் இழுக்கும், கண் கலங்கும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் எங்களை உட்கார வைத்துச் சொன்னாள்: “வார்த்தையெல்லாம் உள்ளதான் இருக்கு. வாய்க்கு வர நேரமாகும். அவங்களே சொல்லி முடிக்கட்டும், நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. முயற்சி பண்றத விட்டுட்டாங்கன்னா அப்புறம் வரவே...” அவள் முடிப்பதற்குள் அத்தான் “புரியுது, புரியுது” என்று தலையாட்டிவிட்டார்.

என்ன புரிந்ததோ! அக்கா “ஜன்” என்றால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார். திறக்கச் சொன்னாளா, சாத்தச் சொன்னாளா என்ற கேள்வியே கிடையாது. “போ” என்றால் போர்வை வந்துவிடும். அவர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா தினமும் தவறாமல் “சாப்” என்பாள். அவ்வளவுதான், “இதோ!” என்று ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போவார். தட்டு வந்து அவள் முன்னால் உட்காரும். அக்கா தட்டைப் பார்ப்பாள், அவரைப் பார்ப்பாள், பிறகு பேசாமல் சாப்பிடுவாள்.

வாழ்நாளெல்லாம் கோழி கொறிப்பதுபோலச் சாப்பிட்டவள். அந்த வருடம் அவள் ரவிக்கைகளையெல்லாம் நான்தான் பிரித்துத் தைத்தேன். “என்னக்கா, நல்லா பூசினாப்பல ஆயிட்ட” என்று கிண்டல் செய்தபோது என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். அத்தானோ நேர் எதிர். விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, அவளைக் குளிப்பாட்டி, துணி துவைத்து, அப்புறம் வண்டி. மனுஷன் பெல்ட்டில் போட ஓட்டை இல்லாமல் புதிதாகக் குத்திக்கொண்டார். அவர் சாப்பாட்டு டப்பா ஜீப்பின் முன்பக்கத்தில் திறக்காமலே ஆடிக்கொண்டு போய், ஆடிக்கொண்டு திரும்பி வரும்.

மழை தொடங்கியபோது அக்கா வாயைத் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. ஜன்னல், போர்வை எல்லாம் போய்விட்டன. அந்த ‘சாப்’ ஒன்றுதான் மிச்சம், அதுவும் சில நாள் வருவதில்லை. இப்படியே போனால் பேச்சு நின்றுவிடும் என்று பயிற்சி கொடுக்கும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அத்தானிடம் எத்தனை தடவை சொன்னாலும் “சரிம்மா” என்பார், மறுநாள் அதே கதை.

ஆனால் வண்டி விஷயத்தில் மட்டும் மனுஷன் மாறிக்கொண்டே வந்தார். மாறாமல் முடியாது, மலைப் பாதை சும்மா விடாது. வளைவில் திரும்பி முடித்த பிறகு மிதித்தால் வண்டி நின்று யோசிக்கிறது என்று கண்டுகொண்டு, திரும்பும்போதே லேசாகக் காலை வைத்தார். ஏற்றத்துக்கு நடுவில் கியர் மாற்றாமல் ஏறுவதற்கு முன்பே குறைத்துக்கொண்டார். முக்கியமாக, ஒரு தடவை மிதித்தால் மிதித்ததுதான். காலை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்த நேரத்தில் அவர் உதடு அசையும். உற்றுக் கேட்டேன். “வரும், வரும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் நல்ல மழை. மேல் குடியிருப்புக்கு முன்னால் உள்ள மண் ஏற்றம் சேறாகக் கிடந்தது. பாதி ஏறியதும் வண்டி பின்னால் நழுவத் தொடங்கியது. ஒரு பக்கம் பள்ளம். அத்தான் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினார், தாழ்ந்த கியருக்கு மாற்றினார், ஆக்சிலரேட்டரில் காலை வைத்தார். வண்டி நகரவில்லை.

“மிதிங்க அத்தான்!” என்று கத்தினேன்.

“மிதிச்சாச்சு. வரும்.”

“எங்க வருது? இன்னும் மிதிங்க!”

“இன்னும் மிதிச்சா சக்கரம் சும்மா சுத்தும். கொஞ்சம் பொறும்மா.”

எனக்கு உயிர் போய்விட்டது. அவர் கால் அசையவே இல்லை. எஞ்சினின் சத்தம் மெதுவாகக் கனத்தது. நான்கு சக்கரமும் சேற்றைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் வண்டி மேலே ஏறி நின்றது.

பயம் போன இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. “ஒரு டீசல் வண்டிக்காக இவ்வளவு பொறுமையா இருக்கீங்க. எங்கக்காவுக்காக ஒரு தடவை இருந்திருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

கண்ணாடியைத் துடைக்கிற வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது. அத்தான் அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவ படற கஷ்டத்தப் பாக்க முடியலம்மா. வாய் கோணுது, கண்ணுல தண்ணி நிக்குது. நான் எடுத்துக் கொடுத்துட்டா அந்தக் கஷ்டம் நின்னுடுதுல்ல.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவரோடு நானும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா சமையலறை மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தாள். அத்தான் ஈரத்தோடு எதிரே உட்கார்ந்து, திறக்காத சாப்பாட்டு டப்பாவை மேசைமேல் வைத்தார். அக்கா டப்பாவைப் பார்த்தாள்.

“சாப்” என்றாள்.

அத்தான் பாதி எழுந்துவிட்டார். ‘இதோ’ வாய்வரை வந்தது எனக்குத் தெரிந்தது. என்ன நினைத்தாரோ, மேசையைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார். மேசைக்குக் கீழே அவருடைய வலது கால் தரையில் அழுந்தி இருந்தது. உதடு அசைந்தது.

அக்கா அவரைப் பார்த்தாள். தட்டு வராதது அவளுக்கே ஆச்சரியம். மறுபடி வாயைத் திறந்தாள். “சாப்... சாப்பி...” என்று இழுத்தது, நின்றது. வாய் கோணியது, கண் நிறைந்தது. எனக்கே தாங்கவில்லை, எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. அத்தானின் முகமும் அவள் முகத்தோடு சேர்ந்து கோணியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பிரிட்ஜ் ஓடி நின்றது. வெளியே மழை விட்டு, கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“சாப்பிட்... டீங்... களா?” என்றாள் அக்கா.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடமாக அவள் சோறு கேட்கவே இல்லை. இளைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்த மனுஷனிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறாள், தினமும். அவர் ஒவ்வொரு முறையும் தட்டைக் கொண்டுவந்து அவளுக்கே வைத்திருக்கிறார்.

அத்தான் வாயைத் திறந்தார். கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிற மனுஷனுக்கு அன்று ஒரு சொல் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. “இல்லக்கா, மத்தியானம்கூட அவரு...” என்று ஆரம்பித்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். கண்ணை அவர்மேலிருந்து எடுக்கவில்லை. இருவரும் காத்திருந்தோம்.

“இல்ல” என்றார்.