கோட்டின் மேல் படாமல்

சனிக்கிழமை மாலைவரை பள்ளிக்கூடத்துப் பக்கம் வரக்கூடாது என்று செந்தமிழ்ச்செல்வியிடம் சொல்லியிருந்தார்கள். பாராட்டு வாங்கப்போகிறவர் முன்னாலேயே வந்து நாற்காலி போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் நன்றாக இருக்காதாம். மேளம் வைத்து அழைத்துப் போவார்களாம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். கணவர் தீனதயாளன் சர்க்கரை ஆலையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அரவைக் காலம். கரும்புச் சக்கை எரியும் வாசனை வீட்டுக்குள்ளும் இருந்தது.

மூங்கில்துறைப்பட்டுக்கு அருகே ஒரு சிற்றூரின் அரசுப் பள்ளியில் செல்வி உடற்கல்வி ஆசிரியை. வருகிற மே மாதம் ஓய்வு. முப்பது வருடங்களாக அங்கே கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறார். அவரிடம் ஆடியவர்களில் சிலர் போலீசில் இருக்கிறார்கள். இரண்டு பேர் ரயில்வேயில். மற்றவர்கள் ஊரிலேயே கரும்பு வெட்டுகிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்கள்.

பிறந்தது களமருதூரில், நெல் பயிரிடும் குடும்பத்தில். அப்பா கட்சிக்காரர் என்பதால் இந்தப் பெயர். பெண் உயரமாக வளர்ந்துகொண்டே போனதில் அம்மாவுக்கு மாப்பிள்ளைக் கவலை. கல்லூரியில் அந்த உயரத்துக்காகவே கூடைப்பந்து அணியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆட்டம் சுமாராகத்தான் வந்தது என்று அவரே சொல்வார். வேலையில் சேர்ந்தபோது பள்ளி மைதானத்தில் ஒரே ஒரு கம்பம் நின்றது. வளையம் இல்லை. மாடு கட்டியிருந்தார்கள்.

அவர் விசில் ஊதியது குறைவு. வேலையில் பெரும்பகுதி, வீடு வீடாகப் போய்க் கேட்பது. பெரியவளான பெண்ணை டிரவுசர் போட்டு ஓட விடுங்கள் என்று கேட்க வேண்டும். சாயங்காலம் ஒரு மணி நேரம் விடுங்கள். வெளியூர்ப் போட்டிக்கு ஒரு ராத்திரி தங்க அனுப்புங்கள். கதவண்டை நான் படுத்துக்கொள்கிறேன். இந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை வாசலில் சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. பாதி வீடுகளில் முடியாது என்றார்கள். நல்ல ஆட்டக்காரிகள் பெரும்பாலும் அந்தப் பாதியில் இருந்தார்கள். ஒரு கட்டத்தில் அவருக்குக் கோபம் வருவது நின்றுபோனது. முட்டி வலி வர ஆரம்பித்தது.

அதனால்தான் மண்டலப் போட்டியை ஒரு தடவையாவது இந்த ஊரில் நடத்த வேண்டும் என்று அலைந்தார். இங்கேயே நடந்தால் யார் வாசலிலும் நிற்க வேண்டாம். காலையில் வந்து ஆடிவிட்டு இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். மண் தரையில் நடத்த முடியாது என்றார்கள். சிமெண்டுத் தரைக்கு அலைந்தார். அது வந்தபோது, தரை இறுகும்வரை பெண்கள் சாக்கு விரித்து வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். அந்தப் பெண்களுக்கு இப்போது குழந்தைகள் இருக்கின்றன. போட்டி இந்த வருடம்தான் கிடைத்தது. திங்களும் செவ்வாயும். அணியில் பத்துப் பெண்கள். பத்துப் பேரும் ஒன்றாக ஒரு மண்டலப் போட்டியில் இறங்கியதே கிடையாது. ஓய்வு பெறுவதற்கு முன் அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

பாராட்டு விழாவைப் பழைய மாணவர்கள் அதற்கு முந்தைய சனிக்கிழமை வைத்தார்கள். சிறப்பு விருந்தினருக்கு அந்தத் தேதிதான் ஒத்துவந்தது. பந்தலை இளமாறன் ஏற்றுக்கொண்டான். பழைய ஆட்டக்காரன். இப்போது கள்ளக்குறிச்சிவரை பந்தலும் ஒலிபெருக்கியும் போடுகிறவன். இது என்னுடைய மரியாதை, இதில் யாரும் பங்கு கேட்காதீர்கள் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டான்.

மேளத்தோடு பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்தபோது செல்வி பந்தலைப் பார்த்தார். மைதானம் காலியாகக் கிடந்தது. பந்தல், கூடைப்பந்துத் தரையின் மேல் நின்றது. வளையத்துக்குக் கீழே மேடை. தரை முழுக்க நாற்காலிகள். சவுக்குக் கம்புகள் வரிசையாக.

இந்தப் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் தெருவை அடைத்துப் பந்தல் போடுவார்கள். தார் ரோட்டில் கடப்பாரையால் குழி போட்டுக் கம்பு நடுவார்கள். எந்தத் தெருவில் நடந்தாலும் நடந்து முடிந்த விசேஷங்களின் குழிகள் காலில் தட்டுப்படும். அதைத் தப்பென்று யாரும் நினைப்பதில்லை. செல்வி வீட்டுக் கல்யாணத்துக்கும் அப்படித்தான் போட்டார்கள்.

முதல் கம்பின் அடியைப் பார்த்தார். சிமெண்டு உடைந்து, கம்பைச் சுற்றிச் செங்கல் துண்டுகளைச் செருகியிருந்தார்கள். மேளக்காரர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். நடந்து மேடை ஏறினார்.

சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். ஒவ்வொருவராக மேடையேறி சால்வை போட்டார்கள். போட்ட சால்வையைப் பின்னால் நின்ற ஆசிரியர் உருவி மேசையில் வைத்தார். அடுத்தவர் போட்டார். இவரைப்போல் ஒரு பயிற்சியாளர் மாவட்டத்திலேயே இல்லை என்றார்கள். செல்வி எதிரில் தெரிந்த கம்புகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். அவரைப் பேச அழைத்தார்கள். எல்லாருக்கும் நன்றி சொன்னார். போகும்போது நாற்காலியை இழுக்காமல் தூக்கி வையுங்கள் என்றார். கூட்டம் சிரித்தது. டீச்சர் மாறவே இல்லை என்று கை தட்டினார்கள்.

ஞாயிறு காலை பந்தலைப் பிரித்துவிட்டார்கள். செல்வி போனபோது இளமாறன் தரை நடுவில் நின்றிருந்தான். வேட்டி கட்டியிருந்தான். சந்தோஷமாக இருந்தான்.

"கோட்டு மேல ஒண்ணு கூட படல பாருங்க டீச்சர்," என்றான். "பசங்க கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன், கோடு அழிஞ்சா டீச்சர் தோலை உரிச்சிடுவாங்கன்னு. நானே நின்னு அளந்து குழி போட்டேன்."

அவன் சொன்னது உண்மை. நடுவட்டம் அப்படியே இருந்தது. வளையத்துக்கு எதிரே இருந்த கோடு, ஓரக்கோடுகள், எல்லாம் பெயிண்டு உதிராமல் இருந்தன. குழிகள் அவற்றுக்கு இடையில் இருந்தன. ஒரு கால் உள்ளே போகிற அளவு.

"இங்க அஞ்சு வருஷம் ஆடினியே இளமாறா," என்றார் செல்வி. "கோட்டு மேலயேவா ஓடின?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினான்.

"மைதானத்துல போட்டிருக்கலாமே," என்றார் செல்வி.

"மண்ணுல நாற்காலி ஆடும் டீச்சர். நீங்க ஒக்கார்ற நாற்காலி ஆடக்கூடாதுன்னுதான் இங்க போட்டேன்."

அதற்குமேல் அவரால் திட்ட முடியவில்லை. அவன் யாருக்கோ போன் செய்தான். சற்று நேரத்தில் சிமெண்டு மூட்டையும் கொத்தனாரும் வந்தார்கள். வேகமாக வேலை நடந்தது. மதியத்துக்குள் குழிகளெல்லாம் நிரம்பிவிட்டன. தலைமையாசிரியர் வந்து பார்த்தார். மேலே லேசாகப் பெயிண்டு அடித்துவிட்டால் தெரியாது, நாளைக்குக் காலையில் வருகிறவர்கள் தரையையா பார்க்கப்போகிறார்கள், நடத்திவிடலாம் டீச்சர் என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் இந்தப் போட்டி வேண்டியிருந்தது.

செல்வி பந்தை எடுத்துவரச் சொன்னார். அடைத்த இடத்தில் ஒரு தட்டு தட்டினார். பந்து சோற்றுருண்டை விழுந்ததுபோல் விழுந்து அங்கேயே நின்றது. ஈரச் சிமெண்டு அதில் ஒட்டியிருந்தது. இந்தத் தரை எத்தனை நாள் தண்ணீர் குடித்து இறுகியது என்று அவருக்குத் தெரியும். திங்கள் காலை பத்து அணிகளின் பெண்கள் இதன்மேல் ஓடுவார்கள். பெயிண்டு அடித்தால் குழி எங்கே என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஒருத்தியின் கணுக்கால் திரும்பினால் அந்த வீட்டிலிருந்து அப்புறம் எந்தப் பெண்ணும் வரமாட்டாள். பக்கத்து வீட்டிலிருந்தும் வரமாட்டாள்.

போட்டி நடத்துகிறவர்களைப் போனில் கூப்பிட்டு, தரை உடைந்திருக்கிறது என்றார். எப்படி என்று கேட்டார்கள். பந்தல் போட்டோம் என்றார். எதற்குப் பந்தல் என்று கேட்டார்கள். ஒரு விழா என்றார். மூன்று மணிக்குப் பதில் வந்தது. போட்டி கடலூருக்கு மாறியது. திங்கள் மதியம் ஆரம்பம். இரண்டு நாள்.

அதனால் மறுபடியும் வீடு வீடாகப் போனார். தீனதயாளன் ஸ்கூட்டரை ஓட்டினார். ஒவ்வொரு வாசலிலும் அவர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். முதல் வீட்டில் அப்பா இல்லை, அவரைக் கேட்காமல் அனுப்ப முடியாது என்றார்கள். இன்னொரு வீட்டில் கும்பிட்டு, காபி கொடுத்து, முடியாது என்றார்கள். இன்னும் மூன்று வீடுகளிலும் அதே பதில். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற இரண்டு பெண்களுக்கு வார்டன் சம்மதித்தார். இன்னும் இரண்டு வீடுகளில் சரி என்றார்கள். நான்கு பேர். ஆட்டத்தைத் தொடங்கவே ஐந்து பேர் வேண்டும்.

கடைசியாகச் செவ்வந்தியின் வீட்டுக்குப் போனார். செவ்வந்தி கரும்பு வெட்டப் போகிறவள். மகள் அபிநயாதான் அணித்தலைவி. செவ்வந்தி வெட்டுக்கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இன்னா டீச்சர், போட்டி இங்கயேதான்னு சொன்னீங்க."

"மாறிப்போச்சும்மா. கடலூர். ஒரு ராத்திரி."

"நேத்து மேடையில ஒக்காந்துக்கினு இருந்தீங்க. ஆளாளுக்குப் புகழ்ந்துக்கினு இருந்தானுங்க. நானும் வந்து பின்னாடி நின்னேன்." கத்தியைத் திருப்பிக் கழுவினாள். "சின்னவனை யாரு பாத்துக்குவாங்க? நான் வெடிகாலையில வெட்டுக்குப் போவணும்."

செல்விக்கு முட்டி வலித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார். "கதவண்ட நான் படுத்துக்கறேம்மா," என்றார்.

செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். "எங்கப்பா கிட்டயும் இதையேதான் சொன்னீங்க. அவரு அனுப்பல."

செல்விக்கு நினைவு வந்தது. ஒல்லியான பெண். இடது கையால் எறிவாள். அந்த வாசலில் மூன்று தடவை நின்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் இவள்தான் என்று இத்தனை நாள் அவருக்குத் தோன்றவில்லை. இவளும் சொன்னதில்லை. அபிநயாவும் இடது கைக்காரிதான்.

"நாளைக்கு எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்றாள் செவ்வந்தி. சின்னவனைத் தன்னோடு வெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள் என்று பிறகு தெரிந்தது.

கடலூரில் ஒரு பள்ளி வகுப்பறையில் தங்கினார்கள். விரிக்க எதுவும் கொண்டுவராத பெண்கள் இருப்பார்கள் என்று செல்விக்குத் தெரியும். மேசையில் சேர்ந்த சால்வைகளையெல்லாம் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். பெண்கள் அவற்றைத் தரையில் விரித்தார்கள். ஜரிகை குத்துகிறது என்றார்கள். திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். கதவண்டை அவர் படுத்துக்கொண்டார்.

திங்கள் மதியம் முதல் ஆட்டத்தில் ஜெயித்திருந்தார்கள். மாற்றுக்கு ஆளில்லாமல் ஐந்து பேரும் முழு ஆட்டமும் ஓடி ஜெயித்தார்கள். செவ்வாய் காலை ஓட முடியவில்லை. மலைப் பெண்களில் ஒருத்திக்குக் காலில் குரக்கு பிடித்தது, தேய்த்துவிட்டு மறுபடி இறங்கினாள். கடைசிக் கால்பகுதியில் அபிநயா ஐந்தாவது தவறு செய்து, விதிப்படி ஆட்டத்தை விட்டு வெளியே வந்தாள். அவள் இடத்துக்குப் போக யாருமில்லை. நடுவர் செல்வியைப் பார்த்தார். செல்வி கையால் சைகை காட்டினார், ஆடட்டும். நான்கு பேர் ஐந்து பேரை எதிர்த்து மீதி ஆட்டத்தை ஆடினார்கள். தோற்றார்கள். எதிரணியின் பெஞ்சில் ஏழு பேர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அபிநயா அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடல் பக்கத்தில்தான் என்றார்கள். போய்ப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை.

திரும்பும் பஸ்ஸில் அபிநயா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் செல்வி. பின்சீட்டில் மற்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். இளமாறன் போனில் கூப்பிட்டான். குழிகளின் மேல் சாக்கு போட்டிருக்கிறானாம், வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றுகிறானாம். என்ன ஆயிற்று என்று கேட்டான். தோற்றுவிட்டோம் என்றார். சாக்கு காயாமல் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

திருக்கோவிலூர் தாண்டியதும் அபிநயா கேட்டாள்.

"அடுத்த வருஷம் எங்க வூட்டுக்கு யாரு டீச்சர் வந்து கேப்பாங்க?"

புதிதாக வருகிறவர் கேட்பார் என்று சொல்லலாம். அந்த இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை. போட்டாலும் அவர் எத்தனை வாசலில் நிற்பார் என்று சொல்ல முடியாது.

"பஸ்ஸுல வாந்தி வரும்னு சொன்னியே," என்றார் செல்வி. "வெளிய பாத்துக்கினு வா."

அபிநயா வெளியே பார்த்தாள். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தன. பஸ் அவற்றுக்குப் பின்னால் மெதுவாகப் போனது. செல்வி முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.