ஒரே அச்சில் ஆறு வீடுகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சென்னையில் இருக்கும் என் மகள் நந்தினி போனை எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். அவளுடைய அறைத்தோழிக்கு அடித்தேன், அந்தப் பெண்ணும் எடுக்கவில்லை. சாயங்காலம் அவளே கூப்பிட்டு, "தூங்கிட்டேம்மா, போன் சைலண்ட்ல கெடந்துச்சு" என்றாள். விஷயம் அவ்வளவுதான். ஆனாலும் இன்று காலை காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். என் வீட்டுக்காரர் பாதி குடித்துவிட்டு வைத்தார். இவள் தூங்கிப்போய் என்னைக் கலங்கடிப்பது முதல் தடவை அல்ல என்று அவருக்குத் தெரியும்.

கோவையில், துடியலூரில் இந்த வீட்டை வாங்கி வந்தபோது நந்தினி யூகேஜி. அதற்கு முன் கணபதி ஏரியாவில் லைன் வீட்டில் இருந்தோம். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரே காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் ஒரே குழாய், கோடியில் எல்லோருக்கும் பொதுவாகக் குளியலறை. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவோம். அங்கே குழந்தைகளுக்குச் சொந்த வீடு என்று தனியாக ஒன்று கிடையாது. எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதில் நுழையும், இருப்பதைத் தின்னும், தூக்கம் வந்த இடத்தில் படுத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும், கொடியில் காய்ந்த துணியை எடுப்பது போல அவரவர் பிள்ளையை அவரவர் எடுத்து வருவோம்.

சொந்த வீடு வேண்டும் என்று நான் பிடித்த பிடியில்தான் வீட்டுக்காரர் தேட ஆரம்பித்தார். அவருக்கு மோட்டார் கம்பெனியில் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் அறைகளைப் பார்க்க மாட்டார். நேராகப் போய்க் குழாயைத் திறந்து, ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு முகத்தைச் சுளிப்பார்.

"உப்புங்களே?"

"நல்ல தண்ணி வந்துருங்க சார்" என்பார் புரோக்கர்.

"எப்பங்க?"

"வந்துருங்க."

கடைசியில் நாங்கள் வாங்கிய வீட்டிலும் அதே உப்புத் தண்ணீர்தான். கொப்பளித்துக் கொப்பளித்து அவருக்கே பழகிப்போயிருக்க வேண்டும்.

ஒரு தோட்டத்தைப் பிரித்து சைட் போட்டு, அதில் ஒரே அச்சில் ஆறு வீடுகள் கட்டியிருந்தார்கள். ஒரே சந்தன நிறம், ஒரே பச்சைக் கேட், ஆறு முன்கதவிலும் ஒரே பக்கம் திரும்பிப் பார்க்கும் மயில். வந்த புதிதில் நானே காய்கறிப் பையோடு அடுத்த வீட்டுப் பூட்டில் சாவியை விட்டு, திறக்கவில்லையே என்று பில்டரைத் திட்டியிருக்கிறேன். மூலையில் தோட்டத்துக் கிணறு மட்டும் சுற்றுச்சுவர் இல்லாமல் அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அன்றைக்குப் பின்பக்கம் புதிதாகக் கட்டிய துவைகல் மேடைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ஈர சிமெண்ட் வாசம் எனக்குப் பிடிக்கும், வேண்டிய அளவுக்கு மேலேயே விடுவேன். பக்கத்து சைட்டில் போர்வெல் வண்டி காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது கேட்கவில்லை. நேரமாகிவிட்டதே என்று முன்பக்கம் வந்து பார்த்தால் குழந்தை இல்லை. வேன்காரருக்குப் போன் செய்தேன்.

"பாப்பாவ எறக்கி உட்டுட்டனுங்களே! பச்சைக் கேட்டுக்குள்ள போனத என் கண்ணால பாத்தனுங்க."

ஆறும் பச்சைக் கேட்தான்.

எதிர் வீட்டு சரோஜாக்கா ஓடி வந்தார். "பதறாத அம்மணி, பொடுசு எங்க போயிரும்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக இழுத்துப் போனார். கட்டிலுக்கடியில், மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எங்கும் இல்லை. மிச்சம் இருந்தது எங்களுக்கு அடுத்த வீடு ஒன்றுதான். அங்கே புதிதாகக் குடிவந்த ஸ்டெல்லா இருந்தாள். வால்பாறை எஸ்டேட்டில் பிறந்த பெண், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். சரோஜாக்கா பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, அந்தப் புள்ளைய எழுப்பிப்போடாத கண்ணு. நைட் டூட்டி பாத்துப்போட்டு வந்து தூங்குது, பாவம்."

நானும் கையை இறக்கிக்கொண்டேன். பெற்ற பிள்ளையைக் காணோம். ஆனாலும் அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது என்பது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. போர்வெல் வண்டியே எழுப்ப முடியாத ஆளை நாங்கள் தட்டி எழுப்பிவிடுவோமாம்!

அதற்குள் சேதி கேட்டு வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து வந்துவிட்டார். யாரும் கிணறு என்ற சொல்லைச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருடைய கால்களும் அந்தப் பக்கமே போயின. தண்ணீர் பாசி பிடித்துக் கறுப்பாகக் கிடந்தது. வீட்டுக்காரர் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிக் கீழே போட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. எனக்கு அது தெரியும். ஆனாலும் 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் எங்கள் வீட்டுப் பக்கமிருந்து ஸ்பேனரால் சிலிண்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஏனுங்க! கேஸுங்க!" கேஸ்காரருக்கு யார் தூங்கினால் என்ன? ஸ்டெல்லா வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினார். தலைவிரிகோலமாகக் கொட்டாவி விட்டுக்கொண்டு ஸ்டெல்லா வெளியே வந்தாள். அவள் இடுப்பில் நந்தினி, கன்னத்தில் தலையணைத் தழும்போடு.

"அக்கா, இது யாரு பாப்பா? தூக்கத்துல கையில தட்டுப்பட்டுச்சு. ஊர்ல இருந்து எங்கக்கா பொண்ணு வந்திருக்குன்னு நெனச்சுப் போர்வை போத்தி விட்டேன்."

"கதவத் தொறந்து போட்டுட்டா தூங்குவ, ஏம்புள்ள?" என்றார் சரோஜாக்கா.

"சிலிண்டர் வரும்னு தாழ் போடலக்கா. நீங்க தட்டியிருக்கலாம்ல?"

"நீ தூங்கறீன்னுதான்டி தட்டல!"

நந்தினி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நம்மூட்டு டிவிய யாரும்மா எடுத்தா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். நான் மட்டும் சிரித்துக்கொண்டே அழுதேன். வீட்டுக்காரர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குத் திரும்பிப் போனார். யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்த வாரமே எங்கள் கேட்டுக்கு நீலம் அடித்தோம். அதற்குப் பிறகும் வேனிலிருந்து இறங்கினால் நந்தினி முதலில் ஸ்டெல்லா வீட்டுக்குத்தான் போனாள். இப்போது தெரிந்தே போனாள். ஸ்டெல்லாவும் தாழ் போடவில்லை.

கிணற்றை மூடிவிட்டார்கள், அதன் மேல் அபார்ட்மெண்ட் நிற்கிறது. ஆறு வீடுகளில் இரண்டை இடித்துக் கட்டினார்கள், மற்றவை ஆளுக்கொரு மாடி எழுப்பிக்கொண்டன. சரோஜாக்கா மகனோடு அவிநாசிக்குப் போய்விட்டார். ஸ்டெல்லா கல்யாணமாகி வெளிநாடு போனபோது வீட்டை விற்றாள். இன்று எங்கள் வீதியில் எந்தக் குழந்தையும் வீடு மாறிப் போக முடியாது. எல்லாக் கேட்டிலும் பூட்டு, எல்லாத் தூணிலும் கேமரா. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு இதைவிட நிம்மதி வேறு என்ன வேண்டும்?

போன மாதம் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டபோது, ஸ்டெல்லா வீட்டை வாங்கியவர்களுக்குக் கொஞ்சம் எடுத்துப் போனேன். கேட் பூட்டியிருந்தது. மணிப் பொத்தானை அமுக்கியதும் சிறு பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"யாருங்க?"

"பக்கத்து ஊடுங்க."

"எந்தப் பக்கமுங்க?"