உப்பை அடியோடு நிறுத்தினேன்

என் கணவருக்கு அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. 2001ஆம் வருடம் அவருக்கு ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இருப்பது தெரிந்தது. நீர் பிரிவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "உப்பைக் குறைச்சுக்குங்க" என்றார். நான் அடியோடு நிறுத்திவிட்டேன். சுரங்கத்தில் எல்லோரும் உப்பு மோர் குடித்துத்தான் கத்திரி வெயிலைத் தாங்குவார்கள். நானோ உப்பே போடாத கம்பங்கூழைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்தேன். சுரங்கத்து மோரைத் தொடக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன்.

"உப்பில்லாம எறங்கலடி" என்று ஒருநாள் சொன்னார்.

"நாக்கு ருசி கேக்குதா? உசுரு வேணாமா?" என்று எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு தூக்குச்சட்டியைத் தினமும் காலியாகவே கொண்டுவந்தார்.

மூன்றாவது வாரம் வேலையிலிருந்து தள்ளாடிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, "யாரும்மா நீங்க?" என்றார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து வாயில் சீனியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்துவிட்டது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "சர்க்கரை சரியாத்தாம்மா இருக்கு. வேர்வையிலயும் மாத்திரையிலயும் உடம்பு உப்பெல்லாம் போயிடுச்சு. சாப்பாட்டுலயும் நீங்க குடுக்கல. குறைக்கத்தானே சொன்னாங்க?" என்றார்.

உயிர் தப்பியது. ஆனால் ஞாபகம் பழையபடி வரவில்லை. சுரங்கத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இப்போது டாக்டர் சொன்ன அளவை டீஸ்பூனில் அளந்து போடுகிறேன். 'எவ்வளவு?' என்று கேட்காமல் எந்த டாக்டர் முன்னாலிருந்தும் எழுந்திருப்பதில்லை. தட்டு வைத்ததும் தினமும், "உப்பு போதுமாங்க?" என்று கேட்கிறேன்.

"போதும்" என்கிறார், சோற்றில் கை வைப்பதற்கு முன்பே.