இரண்டாம் வரியில் ஒரு தப்பு

எங்கள் வீட்டுக்கு அந்தக் கிட்டார் வந்ததே யாரும் எதிர்பாராத விதத்தில்தான். அம்மாவின் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, கல்கத்தாவில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. குவார்ட்டர்ஸ் கிடைக்கிறவரை பவானிபூரில் எங்களோடு தங்கியிருந்தார். அவரோடு வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, ரயிலில் ஏற்ற முடியாத சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஒருவருக்கு மடக்குக் கட்டில், இன்னொருவருக்கு இஸ்திரிப் பெட்டி. மாமா அன்று கடைசியாகப் போயிருக்கிறார். மிச்சம் இருந்தது கிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மாமா மாடிப்படி ஏறி வந்தார். நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம். வங்காளத்தில் பெரியப்பாவை ஜேட்டு என்பார்கள். வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அவருடைய ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அவளை 'திதி' என்று கூப்பிட வேண்டும். திதி என்றால் அக்கா. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டாலே அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். "விடிஞ்சதும் விடியாததுமா திதி திதின்னு கத்தாதடி. நம்ம வீட்டுல அது வேற விஷயம்." அம்மாவுக்காக நான் முதல் எழுத்தை நீட்டித் தீதி ஆக்கிவிட்டேன்.

தீதி அப்போது படிக்கட்டுத் திருப்பத்தில் ஈரத்துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கிட்டாரைப் பார்த்ததும் கண்கள் விரிந்தன. வாசிப்பீர்களா என்று வங்காளத்தில் கேட்டாள். மாமாவுக்கு அப்போது வங்காளத்தில் 'தண்ணீர்', 'எங்கே', 'வேண்டாம்' என்ற அளவில்தான் தெரியும். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்குத் தமிழைவிட வங்காளம்தான் சரளம். மொழிபெயர்த்துச் சொன்னேன்.

மாமா என்னைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார். "கொஞ்சம் கொஞ்சம்னு சொல்லு பாப்பா" என்றார்.

அப்படியே சொன்னேன். அந்த ஊரில் உண்மையிலேயே நன்றாகப் பாடுகிறவர்களும் "கொஞ்சம்" என்றுதான் சொல்வார்கள். தீதி அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். துர்கா பூஜை முடிந்த பிறகு தெருவில் ஒரு கலைநிகழ்ச்சி நடக்கும், பிஜயா சம்மிலனி என்று பெயர். அதை நடத்துவது அவள்தான். மாமா அதில் வாசிக்கப் போகிறார் என்று மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எங்களுக்கே ஜேட்டு சொல்லித்தான் தெரியும்.

"ஏண்டா, இதை எந்தப் பக்கம் பிடிக்கணும்னாவது தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள் அம்மா.

மாமா மொட்டை மாடிக்குப் போனார். கூடவே நானும் போனேன். "இப்பவே போய் முடியாதுன்னு சொல்லிடலாமா மாமா?" என்றேன். நான் சொன்னால் ஜேட்டு ஒன்றும் நினைக்க மாட்டார். மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். தீதி முற்றத்தில் காலி வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம். கத்துக்கலாம்" என்றார்.

எதை வாசிப்பது என்பதில் மட்டும் அவருக்குக் குழப்பமே இருக்கவில்லை. கல்லூரியில் படித்தபோது பார்த்த ஒரு தமிழ்ப் படத்தின் தீம் இசை. படத்தில் கதாநாயகி தூரத்தில் வரும்போதெல்லாம் அது வரும். பாட்டு இல்லை, வெறும் மெட்டு. பாட்டாகவே எடுத்தால் என்ன என்று கேட்டேன். "பாட்டுன்னா பாஷை புரியணும் பாப்பா. இதுக்கு அது வேண்டாம்" என்றார்.

அன்றுமுதல் மாமா அலுவலகத்திலிருந்து திரும்பியதும் நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்துவிடுவோம். அவருடைய போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்து, யாரோ ஒரு பையன் அந்த மெட்டைச் சொல்லிக்கொடுக்கும் வீடியோவைப் போடுவோம். பையன் கொஞ்சம் வாசிப்பான், பிறகு உறைந்து நின்றுவிடுவான், திரையில் வட்டம் சுற்றும். அந்த இடைவெளியில் நாங்கள் அதை வாசித்துப் பார்ப்போம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கோடுகள் பதித்திருக்கும். எந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கம்பியை அழுத்துவது என்பதுதான் பாடம். முதல் வாரம் கம்பியை மீட்டி மீட்டி மாமாவின் விரல்நுனிகள் சிவந்து, சாதம் பிசையும்போது ரசத்தின் சூடு பட்டு அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். அம்மா ஸ்பூனை எடுத்துத் தட்டில் போடுவாள்.

முதல் வரி வந்துவிட்டது. சிக்கல் இரண்டாம் வரியில். மெட்டு அங்கே படியேறுவது போல மேலே போய் ஒரு ஸ்வரத்தில் நிற்கும். அதற்குச் சுண்டுவிரலை நீட்டி, மெல்லிய கம்பியைத் தூரத்தில் போய் அழுத்த வேண்டும். மாமாவின் சுண்டுவிரல் அவ்வளவு தூரம் போகாது. அந்த இடம் வந்ததும் அவர் நின்றுவிடுவார். கையை நகர்த்துவார். "ம்ச்" என்று பெருமூச்சு விடுவார். பிறகு தொடுவது ஒரு கோடு கீழே. ஏற வேண்டிய மெட்டு, ஏறப்போய்த் தயங்கி, பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கும்.

எனக்கு அது பொறுக்காது. சின்ன விரல்களாக இருந்தாலும் நான் கையை முன்கூட்டியே நகர்த்தி வைத்துக்கொண்டு அந்த ஸ்வரத்தைப் பிடித்துவிடுவேன். "இப்படி மாமா, இப்படி" என்று வாசித்துக் காட்டுவேன். "ஆமா பாப்பா, கரெக்ட்" என்று ஒப்புக்கொள்வார். திரும்ப வாசிப்பார். நிற்பார், ம்ச் என்பார், கீழே தொடுவார்.

ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கும்போது கீழிருந்து டக் டக் என்று இடிக்கும் சத்தம் கேட்டது. மாமாவின் முகம் வெளிறிவிட்டது. உத்தரத்தைத் தட்டி நிறுத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அடுத்த நாளும் எடுக்கவில்லை. அதற்கு மறுநாள் தீதி ஒரு கிண்ணத்தில் பாயேஷ் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். நம் பால்பாயசம் போலத்தான், வெல்லம் போட்டுக் கெட்டியாக இருக்கும். கிண்ணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு என்னிடம் தணிந்த குரலில் கேட்டாள்: "உன் மாமாவுக்கு உடம்பு சரியில்லையா? சத்தமே காணோமே."

நான் டக் டக் விவரத்தைச் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஜேட்டு கொசுவலைக்கு ஆணி அடித்தாராம். மொழிபெயர்த்துச் சொன்னதும் மாமா குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து கிட்டாரை எடுத்து, அதில் ஒட்டியிருந்த ஒட்டடையைச் சட்டைக் கையாலேயே துடைத்தார். அம்மா அந்தக் கிண்ணம் நிறைய முறுக்கு வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அந்தக் கிண்ணம் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருந்தது. யார் எப்போது நிறுத்துவது என்று இரண்டு வீட்டுக்கும் தெரியவில்லை.

பூஜை வந்தது, போனது. துர்கையை ஆற்றில் கரைத்துவிட்டு வந்த பிறகு, வெறுமையான பந்தலில் ஒரே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் மேடை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் பரப்பி, கலைநிகழ்ச்சி தொடங்கியது. குழந்தைகள் கவிதை ஒப்பித்தார்கள். மருந்துக்கடைக்காரரின் மனைவி ஆர்மோனியம் வைத்துப் பாடினாள். தீதி சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையில், மேடையின் ஓரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தாள். மாமாவின் பெயரை அவள் சொன்ன விதத்தில் 'ழ' இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருந்தது. அந்தப் பெயரை அதற்கு முன்பு அவள் சொல்லிக் கேட்டதில்லை.

மாமா போய் உட்கார்ந்தார். முதல் வரி தெளிவாக வந்தது. நாற்காலிகளின் சலசலப்பு அடங்கியது. அப்பா என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாம் வரி. அந்த இடம். மாமா நின்றார்.

வீட்டில் நிற்பதைப் போல இல்லை அது. கை நகரவே இல்லை. கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல்கள் இரண்டும் சிவந்துபோனது நான்காவது வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது. பின்னால் யாரோ இருமினார்கள். ஒரு பையன் களுக்கென்று சிரித்து அடி வாங்கினான். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்; அவளுடைய வளையல் என் எலும்பில் அழுத்தியது. எனக்கு அழுகை வந்தது. அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவரும் எழத்தான் கிட்டாரை மடியிலிருந்து லேசாகத் தூக்கினார்.

அப்போது மைக்கில் மெல்லிய ஒலி கேட்டது. தீதி வாயைத் திறக்காமல் அந்த மெட்டை முனகிக்கொண்டிருந்தாள். முதல் வரியின் கடைசியிலிருந்து பிடித்து, இரண்டாம் வரியில் ஏறி, அந்த இடத்துக்கு வந்து நின்றாள். ஒரு சின்னப் பெருமூச்சு. பிறகு, ஒரு கோடு கீழே.

மாமா தலையை நிமிர்த்தினார்.

முன் வரிசையில் ஜேட்டுவும் தொடையில் தாளம் போட்டு முனக ஆரம்பித்தார். அவர் மனைவியும் சேர்ந்துகொண்டாள். கீழ்வீட்டில் சமையல் செய்கிற அம்மாள், பின்னால் நின்றபடி தலையை ஆட்டினாள். எல்லாரும் அதே இடத்தில் நின்றார்கள், அதே மாதிரி மூச்சு விட்டார்கள், அதே கீழ் ஸ்வரத்தைத் தொட்டார்கள். ஒரு தமிழ்ப் படத்தைக்கூடப் பார்த்திராத அவர்களுக்கு அந்த மெட்டே அப்படித்தான் என்று பழகியிருந்தது. மாமாவின் விரல்கள் மெதுவாகக் கம்பிக்குத் திரும்பின. அவர்கள் முனக முனக, கடைசிவரை வாசித்து முடித்தார். கைதட்டல் எழுந்தது. எனக்கு மட்டும் தாளவில்லை. நாற்காலியில் ஏறி நின்று, "தப்பு! எல்லாரும் தப்பாப் பாடறாங்க!" என்று கத்தினேன். அம்மா என்னை இழுத்து உட்காரவைத்து வாயைப் பொத்தினாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா திடீரென்று, "சரிதான்" என்றாள்.

"என்ன சரிதான்?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல. இனிமே அவனுக்கு குவார்ட்டர்ஸ் சீக்கிரம் கிடைச்சாலும் போக மாட்டான்."

அம்மா சொன்னபடியே ஆயிற்று. அடுத்தடுத்து என்னென்னவோ நடந்தது. ஊரிலிருந்து தாத்தா கோபமாகப் போனில் பேசினார். மீன் குழம்பு வைக்கிற வீட்டில் சம்பந்தமா என்று பெரிய விவாதம் எழுந்தது. ஜேட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம் டீ குடித்தார். கடைசியில் காளிகாட் கோவிலில் ஒரு தடவையும் எங்கள் ஊரில் ஒரு தடவையுமாகக் கல்யாணம் நடந்து, தீதி எனக்கு மாமியானாள். அம்மாவுக்கும் ஒரு நிம்மதி, இனி அந்த வார்த்தையைக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால். கலைநிகழ்ச்சிக்கு மறுநாள் காலையில் எனக்கு வேறொரு கவலை இருந்தது. ஒரு தெருவே ஒரு மெட்டைத் தப்பாகக் கற்றுக்கொண்டிருக்கிறது, அதை உடனே திருத்தியாக வேண்டும். மாமா குளிக்கப் போன நேரம் பார்த்துக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். தீதி வாளியோடு வந்தாள்.

"தீதி, நேற்று நீ பாடினது தப்பு. அந்த இடத்தில் நிற்கக் கூடாது. இப்படிப் போகணும்" என்று வாசித்துக் காட்டினேன்.

வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டாள். "இப்படியா?" என்று முனகினாள். நிற்கவில்லை, மூச்சு விடவில்லை, நேராக ஏறி உச்சியைத் தொட்டாள். வீடியோவில் அந்தப் பையன் வாசித்த மாதிரியே அச்சாக இருந்தது. அவ்வளவு சுலபமாக அவளுக்கு வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. மறுபடி பாடச் சொன்னேன். மறுபடியும் சரியாகவே பாடினாள். திருப்தியோடு தலையை ஆட்டினேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, துணி உலர்த்தப் போனாள்.

துணியை உதறிக்கொண்டே அவள் தனக்குத்தானே முனகுவது கேட்டது. முதல் வரி. இரண்டாம் வரி. அந்த இடம். நின்றாள். மூச்சு விட்டாள். ஒரு கோடு கீழே தொட்டாள், முகத்தில் ஒரு சிரிப்போடு.

எனக்கு அலுத்துப்போயிற்று. கிட்டாரை இழுத்துக்கொண்டு உள்ளே போய், அடுப்படியில் நின்றிருந்த அம்மாவிடம் சொன்னேன்: "பாவம்மா தீதி. எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் ஞாபகத்துல நிக்கவே மாட்டேங்குது."